பெட்டியடிப் பையன்

12, 13 பிராயத்தில், மீசை அரும்புவதற்கும் முன்னதாக, நல்ல நாள் பார்த்து, குலதெய்வத்தைக் கும்பிடச் செய்து, கையில் ஒரு பெட்டியுடன் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவைக்கும் வழக்கம் செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தது. ‘கொண்டுவிக்கப் போகிறான்’ என்பார்கள். சரக்கைக் கொண்டுபோய் விற்ற காலத்தில் பிறந்த அந்தச் சொல், கொடுக்கல் வாங்கலே பிரதானத் தொழிலாகி, விற்பதற்கு யாதொரு சரக்கும் கையில் இல்லாது போன பிறகும், மாறாமல் நிலைத்துவிட்டது. பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தொழில் முனைவைக் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவு இந்தப் பையன்களிடமே செல்கிறது.

புறப்படுவதற்கு முன்பே அவனுடைய பயிற்சியில் ஒரு பாதி முடிந்திருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரலால் எழுதத் தொடங்கிய பிள்ளை, முழு எண்களின் வாய்பாட்டோடு நில்லாமல், கால், அரைக்கால், வீசம் என்று படிப்படியாகக் கீழிறங்கி, 80-இல் ஒரு பங்காகிய காணியையும் 320-இல் ஒரு பங்காகிய முந்திரியையும் வாயாலேயே பெருக்கவும் கழிக்கவும் வல்லவனாகிவிடுவான். எண்சுவடி அவனுக்கு வெறும் பாடம் அன்று; நாளை அமரப்போகும் இடத்தில் அதைத் தவிர அவனுக்கு வேறு கருவி இல்லை.

அந்த இடம் பெரும்பாலும் இரங்கூனாகவோ பினாங்காகவோ சிங்கப்பூராகவோ கொழும்பாகவோ இருக்கும். 1852-ஆம் வருஷத்து யுத்தத்தில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, ஐராவதியின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாகத் தொடங்கியதும், உழுகிறவனுக்குக் கடன் கொடுக்கத் துணிந்து முன்வந்தவர்கள் நகரத்தாரே. சிங்கப்பூரில் 1859-இல் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். 1930-ஐ ஒட்டிய காலத்தில் பர்மாவில் மட்டும் 1,600-க்கு மேற்பட்ட கடைகள் அவர்களுக்கு இருந்தன.

கடை என்றால் இன்றைய வாசகர் மனத்தில் தோன்றும் கடை அன்று. கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில், பல வணிக விலாசங்களைச் சேர்ந்தவர்கள் அருகருகே, ஆளுக்கொரு பாயும் சாய்வான மேசைப் பெட்டியும் பணம் வைக்கும் பெட்டகமுமாக அமர்ந்திருப்பார்கள், அவ்வளவே கடை. ஊரில் இருக்கும் முதலாளியின் சார்பில் மேலாள் அதனை நிர்வகிப்பார். மூன்று வருஷம் அவருக்கு ஒரு கணக்கு. அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லோருக்கும் கீழே, பெட்டியின் அடியில் அமர்ந்து அழைத்த குரலுக்கு எழுந்து ஓடுகிறவனாகிய பெட்டியடிப் பையன். விடியலில் எழுந்து கூடத்தைப் பெருக்குவதும், பாய் விரிப்பதும், மற்றக் கடைகளுக்குச் சீட்டுக் கொண்டுபோவதும், வசூலுக்குப் போகிற அடுத்தாளின் பின்னே பையைச் சுமந்து நடப்பதும் அவன் வேலைகள். இவற்றில் எதுவும் வாணிபக் கல்வியாகத் தோன்றாது. ஆனால் கடன் கேட்டு வருகிறவனுடைய முகத்தை மேலாள் எவ்வாறு நோக்குகிறார், எதைக் கேட்கிறார், எதைக் கேட்காமலே தெரிந்துகொள்கிறார், எந்த இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லியும் வந்தவன் மனம் புண்படாமல் அனுப்பிவைக்கிறார் என்பதையெல்லாம் நாள் முழுதும் இரண்டு முழத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியம் வேறெந்த மாணவனுக்குக் கிடைத்தது?

சில மாதங்கள் சென்றபின் அன்றாடக் கணக்காகிய சிட்டையைப் பெயர்த்தெழுதக் கொடுப்பார்கள். பிறகு பேரேடு, இடப்புறம் வரவு, வலப்புறம் பற்று. அதன்பின் வட்டி போடுதல். இரங்கூன் முகல் தெருவில் மாதந்தோறும் கடைக்காரர்கள் கோயிலிலே கூடி நிர்ணயிக்கும் நடப்பு வட்டியை ஒவ்வொரு புள்ளிக்கும் பொருத்திப் பார்ப்பதற்குள் பையனுக்கு ஊர் முழுவதும் எவர் எவரிடம் என்ன நிலையில் இருக்கிறார் என்பது விளங்கிவிடும். வரவு பற்றுத் திரட்டாகிய ஐந்தொகை நேராகாவிட்டால் விளக்கை அணைப்பது ஏது? செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் இதற்கு விலக்கில்லை. தகப்பனாரின் சொந்தக் கடையில் செல்லமாக வளராமல், பிறர் கடையில் பெட்டியடியில் பழகட்டும் என்று அனுப்பிய முதலாளிகள் உண்டு. என் மனத்தை மிகவும் கவர்வது இந்த ஏற்பாடுதான். இன்றைய தொழில் முனைவுப் பேச்சுக்கு வந்தால், 2021-இல் டில்லி அரசுப் பள்ளிகளில் மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் விதைமுதலாகக் கொடுத்துத் தொழில் செய்து பார்க்கச் சொன்ன செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். பாடப்புத்தகத்துப் பணம் தொலைவதில்லை. மெய்யான பணம் தொலையும். அந்தப் பயத்தோடு பழகுவதே பழக்கம். ஆனால் பணத்தோடுகூட ஒரு மேலாளையும் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஊரிலும் இந்தக் கல்வி ஓயவில்லை. கல்யாணமான சிறுவயதுத் தம்பதிகளை அதே வீட்டுக்குள் ‘வேறு வைத்து’, தனி அடுப்பும் வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்த சாமானும் தந்து, அதற்குள் குடும்பம் நடத்தச் செய்வார்கள். கணவன் கடல் கடந்திருக்கையில் அந்த அளவைக் காத்தவர்கள் பெண்களே. சிறுவாட்டுப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கிய ஆச்சிமாரை எவரும் பெட்டியடியில் அமர்த்திப் பழக்கவில்லை என்பது இந்த வழக்கத்தின் பெருங்குறை.

இந்த மரபிலிருந்து பெருந்தொழில்களும் எழுந்தன. 1898-இல் 14 வயதில் பர்மாவில் குடும்பத்துக் கொடுக்கல் வாங்கலில் பழகத் தொடங்கிய அ. மு. முருகப்ப செட்டியாரின் பரம்பரை, 1949-இல் சைக்கிள் உற்பத்தியில் இறங்கியது. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் திறந்தார்.

ஆயினும் அந்தப் பேரேட்டில் எழுதப்படாத ஒன்றும் இருந்தது. 1930-க்குப் பின் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈடாக வைத்த நிலங்களே கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார்களின் நிலம், 1938-க்குள் 25 ஆயிற்று. நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர் பெரும்பாலோர். எனினும் வயலை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அதனால் என்ன ஆறுதல்? பற்றுப் பக்கத்தில் ஒரு பெயரை எழுதக் கற்ற பையனுக்கு, அந்தப் பெயருக்குரியவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க எவரும் கற்பிக்கவில்லை. 1941-இன் முடிவில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசியபோது, கணக்குகளை விட்டு, பலர் கால்நடையாகவே இந்தியா வந்து சேர்ந்தார்கள்.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் தெருவொன்றில் இத்தகைய பேரேடு ஒன்றை நான் ஒருமுறை புரட்டினேன். தலைப்பில் பிள்ளையார் சுழி. அதன் கீழே, இன்னும் நிலைபெறாத இளங்கையால், எழுத்துகள் சற்றே மேல்நோக்கி ஏறிச் செல்ல, வட்டி போட்டிருந்தது. மூன்றாம் வரியில் ஒரு வீசம் குறைந்திருக்கிறது. வேறொரு கை, வேறு மையினால், அதை அடிக்காமல் பக்கத்திலே சரியான தொகையை எழுதியிருந்தது. நாலாம் வரியிலிருந்து மறுபடியும் அந்த இளங்கையே தொடர்கிறது.