மூலைப் புள்ளிக்கு வந்த வழி: வட்டுக்கோட்டை வீசகணிதமும் ஏகபரிமாணத் திட்டமிடலும்

முகாமைக் கணக்கீடு பயிலும் மாணவரிடம், உச்ச பங்களிப்பை ஏன் மூலைப் புள்ளிகளில் மட்டும் தேடுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விதியைச் சொல்வார்கள்; காரணத்தைச் சொல்வதில்லை. அந்தக் காரணம் உருவான வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தால் இந்தக் குறை நீங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். அதே பத்தாண்டிலேதான் பிரான்சில் ஃபூரியே சமனிலித் தொகுதிகளை ஆராய்ந்தார். பல சமனிலிகள் சேர்ந்து அடைக்கும் வெளியை ஒரு பன்முகத் திண்மமாகக் கண்டு, அதன் உச்சிக்கு உச்சி நகர்ந்து தீர்வுக்கு வரலாம் என்றும் உணர்ந்தார். கருவி கிடைத்துவிட்டது; அதைக் கேட்கும் தொழில் அன்று இல்லை.

வட்டுக்கோட்டையில் வேரூன்றியது சமன்பாடு. செமினரியில் கற்று அங்கேயே கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் செமினரி மூடப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவர் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். தெரியாக் கணியத்தை எழுத்தால் குறித்துத் தீர்க்கும் முறை தமிழ் மாணவனின் கையில் நூலாகவே இருந்தது என்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. வரைபில் இரு கோடுகள் வெட்டும் புள்ளியைக் கணிக்க இன்றும் தேவைப்படுவது அந்த அறிவுதான்.

சமனிலிக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்தது 1939இல். ஒட்டுப்பலகைத் தொழிலின் உற்பத்திச் சிக்கலிலிருந்து தொடங்கிய லெனின்கிராட் கணிதர் கான்ட்ரோவிச் அந்த ஆண்டில் தம் முறையை வெளியிட்டார். 1947இல் அமெரிக்க விமானப்படைக்காக டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்தார். அதைச் சோதிக்க, ஸ்டிக்லரின் மலிவு உணவுச் சிக்கல் எடுக்கப்பட்டது: 77 உணவுகள், 9 சத்துகள். கைக்கணிப்பொறிகளோடு அதைத் தீர்க்க 120 ஆள்நாள் உழைப்பு சென்றது. இரண்டு மாறிகள் மட்டுமென்றால் ஒரு தாளில் கோடு வரைந்து முடித்துவிடலாம். வகுப்பறை வரைபு முறையைப் பற்றிக்கொண்டது அதனால்தான். கணக்கீட்டுத் துறைக்கு ஏகபரிமாணத் திட்டமிடல் வந்த வாயில்களுள் முக்கியமானவர் கணக்காளராகவும் பணிபுரிந்த வில்லியம் கூப்பர். சார்ன்ஸ், ஹெண்டர்சன் ஆகியோருடன் அவர் எழுதிய அறிமுக நூல் 1953இல் வெளிவந்தது.

வட்டுக்கோட்டை அயலுக்குப் பொருந்தும் ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பனையோலைப் பாய் ஒன்றுக்கு 3 கட்டு ஓலையும் 1 ஆள்நாளும் வேண்டும். அலங்காரப் பெட்டிக்கு 2 கட்டும் 2 ஆள்நாளும். கையிருப்பு 60 கட்டு, 40 ஆள்நாள். பங்களிப்பு பாய்க்கு 300 ரூபா, பெட்டிக்கு 400 ரூபா. மட்டுப்படுத்தும் காரணி ஒன்றானால் அதன் அலகுக்கான பங்களிப்பே தீர்ப்புச் சொல்லும். இங்கோ ஆள்நாளுக்குப் பாய் 300, பெட்டி 200. கட்டுக்குப் பாய் 100, பெட்டி 200. இரண்டு காரணிகளும் வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன. வரைபு தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

தொடக்கப் புள்ளியை விட்டால் மூலைகள் மூன்று: 20 பாய் மட்டும் (6,000 ரூபா), 20 பெட்டி மட்டும் (8,000), கோடுகள் வெட்டும் 10 பாயும் 15 பெட்டியும் (9,000). சம பங்களிப்புக் கோட்டைச் சரிவு மாறாமல் வெளிநோக்கி நகர்த்துங்கள். இயலும் பிரதேசத்தின் எல்லைகள் நேர்கோடுகள். உட்குழிவு எங்கும் இல்லை. ஆகவே அக்கோடு பிரதேசத்தை விட்டு நீங்குமுன் கடைசியாகத் தொடுவது ஒரு மூலையையே, அல்லது இரு மூலைகளை இணைக்கும் விளிம்பு முழுவதையும். ஃபூரியே கண்ட உச்சி இதுதான்.

கணக்காளருக்குப் பெரும் பயன் இதற்குப் பின்தான் தொடங்குகிறது. ஆள்நாள் 41 ஆனால் வெட்டுப்புள்ளி நகர்ந்து பங்களிப்பு 9,150 ஆகும். எனவே மேலதிக ஆள்நாள் ஒன்றுக்கு வழமையான கூலிக்கு மேல் 150 ரூபா வரை கொடுக்கலாம். இந்த நிழல் விலை 60 ஆள்நாள் வரை செல்லும். அங்கே 30 பெட்டி, 12,000 ரூபா. அதற்கு மேல் ஓலை மட்டுமே தடை. இன்னொரு ஆள்நாள் ஒரு சதமும் கூட்டாது.