குரலும் முகமும் நிலமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பாடற்காட்சியின் வரலாறு

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்த மரபிலே, இசையும் நாடகமும் சந்திக்கும் இடத்திற் பிறப்பது பாடற்காட்சி. பாடலைக் கேட்கச் செய்வதோடு அமையாது, அதனைக் காணவும் செய்யும் முயற்சி அது. இன்று பல்கலைக்கழக மாணவர் கைத்தொலைபேசியாலும் சிறு கமராவாலும் ஆக்கும் காணொளிப் பாடல்களைப் புதுமை மோகத்தின் விளைவென ஒதுக்குவோர் உளர். ஆயின், குடாநாட்டின் கலை வரலாற்றை நோக்குவோர்க்கு இம்முயற்சிக்கு நீண்டதொரு முன்வரலாறு உண்டென்பது புலனாகும். பாடற்காட்சியில் மூன்று கூறுகள் உள. பாடும் குரல் ஒன்று. பாடுவதாகத் தோன்றும் முகம் மற்றொன்று. அம்முகம் நிற்கும் நிலம் பிறிதொன்று. இம்மூன்றும் எப்போது ஒன்றியிருந்தன, எவ்வாறு பிரிந்தன, மீண்டும் ஒன்றுசேர்வதற்கு வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடாநாட்டு மக்கள் திரைப்படத்தை அறியுமுன்னரே பாடலைக் கண்ணாற் கண்டு பழகியவர்கள். காத்தவராயன் கூத்தும், ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைநிற்க நிகழ்ந்த இசைநாடகமும் கோயில் வீதிகளில் இரவிரவாக ஆடப்பட்டன. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924-1989) தமது வசந்த கான சபையின் மூலம் அரிச்சந்திர மயான காண்டத்தை ஊர்தோறும் நடித்துப் புகழ் ஈட்டினார். சுடலை காக்கும் அரிச்சந்திரனின் துயரை அவரே பாடினார். அவர் முகமே அத்துயரைக் காட்டியது. கடைசி வரிசையில் இருப்போரையும் எட்டவேண்டிய தேவையால், உச்சத்தாயியில் திறந்த குரலெடுத்துப் பாடும் முறை இவ்வரங்கில் வளர்ந்தது. குரலும் முகமும் நிலமும் இங்கு ஒன்றாகவே இருந்தன. பார்ப்போரும் அந்நிலத்தவராகவே இருந்தனர்.

திரைப்படம் இவ்வொருமையைக் குலைத்தது. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931 இல் வெளிவந்த காலத்தில், நடிகர் கமராவின் முன் நின்று தாமே பாடினர். பாட அறியாதோர் நடிக்க இயலாதென்ற நிலை அதனால் நிலவியது. 1938 இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்திற் பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வந்தது. பாடல் முதலிற் கலையகத்திற் பதிவாகும். பின்னர் படப்பிடிப்புக் களத்தில் ஒலிபெருக்கி வழியாக அது ஒலிக்க, நடிகர் அதற்கேற்ப வாயசைப்பர். முறை எளிதாகத் தோன்றினும், கமராவின் வேகம் பிசகினால் எல்லாம் பிசகிவிடும். செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடவேண்டிய கமரா 23 மட்டுமே ஓடுமாயின், ஒரு நிமிடப் பாடலில் 60 சட்டகங்கள் குறையும். திரையில் அது இரண்டரைச் செக்கன். முகம் பாடி முடித்த பின்னரும் குரல் பாடிக்கொண்டிருக்கும்.

இலங்கையிலே முகம் ஓரிடத்தும் நிலம் வேறிடத்தும் அமைவது திரைப்படத்தின் தொடக்கத்திலேயே நேர்ந்தது. முதலாவது சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொரொந்துவ' (1947) மதுரையிலே படமாக்கப்பட்டது. இலங்கைத் தமிழ்த் திரைப்படம் 1962 இல் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் அமைந்த 'சமுதாய'த்துடன் தொடங்கிற்று. அதன்பின் வந்த தயாரிப்பாளர் பலர் பெருமூலதனம் அற்றவர்கள். யாழ்ப்பாணத்துத் திரையரங்குகளோ தென்னிந்தியப் படங்களாற் களைகட்டியிருந்தன. அரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை வாங்கிச் சென்று வரிகளை மனனஞ் செய்த இரசிகர்க்கு, உள்ளூர்ப் படத்தின் பாடற்காட்சி அவற்றோடு ஒப்பிட எளியதாகவே தோன்றியிருக்கும்.

இச்சூழலில் 1970களில் எழுந்த மூன்று முயற்சிகள் நினைவிற் கொள்ளத்தக்கன. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972) குடாநாட்டு விவசாயக் குடும்பத்தின் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. அதன் பாடல்களுக்கு ஆர். முத்துசாமி இசையமைத்தார். தர்மசேன பத்திராஜா நெறியாண்ட 'பொன்மணி' (1977) சாதியாலும் சீதனத்தாலும் நெருக்குண்ட யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் கதையை, இந்திய வணிகப் படங்களின் வாய்பாட்டினின்று விலகி எடுத்துரைத்தது. பல்கலைக்கழகம் சார்ந்த பலர் அதில் நடித்தமை மாணவருலகம் கருதத்தக்கது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) நெடுந்தீவுக் கடற்கரையைக் களமாகக் கொண்ட கதை. ஆயினும், மன்னார்ப் பேசாலைக் கரையிலே படமாக்கப்பட்டது. திரைப்படக் கலையகங்களோ கொழும்பையும் அதன் சுற்றயலையும் சார்ந்திருந்தன. கதை ஓரிடம், காட்சி ஓரிடம், ஒலிப்பதிவு ஓரிடம் எனப் பிரிந்து கிடந்தவற்றை ஒன்றாக்கிக் காட்டியமையே அக்கலைஞரின் திறன்.

இப்படங்கள் திரையரங்குகளில் நெடுநாள் தங்கவில்லை. பாடல்களை வாழவைத்தது வானொலியே. 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, ஈழத்துத் திரைப்பாடல்களையும் மெல்லிசைப் பாடல்களையும் வீடுதோறும் கொண்டு சென்றது. படத்தைப் பார்த்திராதோரும் பாடலை அறிந்திருந்தனர்.

பின்னர் நேர்ந்த அழிவு இவ்வேறுபாட்டை நிலையானதாக்கிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டமையை யாவரும் அறிவர். 1983 யூலை வன்செயலின்போது கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் தீக்கிரையானதும், பல படங்களின் மூலச்சுருள்கள் அங்கு சாம்பலானதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு நூலுக்குப் பல பிரதிகள் பல கைகளில் இருத்தல் கூடும். மூலச்சுருள் ஒன்றே, அது போனால், ஓடித் தேய்ந்த பிரதியொன்று எங்கேனும் எஞ்சினாலன்றி முகமும் நிலமும் மீளா. குரலோ இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் மக்கள் நாவிலும் எஞ்சியது.

1990 இல் குடாநாட்டுக்கான மின்சாரம் தடைப்பட்டது. மின்கலங்களும் அரிதாகின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு மக்கள் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர். இக்காலத்திற் போராட்டப் பாடல்கள் ஒலிநாடாக்களிற் பரவின. ஒளிநாடாவிற் படமாக்கப்பட்டனவும் உள. 1981 இல் அமெரிக்காவிலே பாடற்காட்சிக்கென்றே எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியிருந்தது. 1982 இல் இலங்கைக்கு ரூபவாகினி வந்திருந்தது. உலகம் பாடலைக் காணப் பழகிய பத்தாண்டிலே, பாட்டைக் கேட்பதற்கே சில்லுச் சுழற்றவேண்டிய நிலையில் இந்நிலம் இருந்தது.

எண்ணிமக் கருவிகள் வந்தபின் இந்நிலை மாறிற்று. குரலைப் பதிதல், முகத்தைப் படமாக்கல், இரண்டையும் பொருத்துதல் ஆகிய அனைத்தும் இன்று ஓர் அறையிலேயே நிகழக்கூடும். எனினும், பழைய சிக்கல்கள் புதிய வடிவில் மீள்கின்றன. கைத்தொலைபேசிகள் பல, ஒளி குறையுமிடத்துத் தம் சட்டக வேகத்தைத் தாமே மாற்றுவன; அன்று சுருளோட்டத்தில் நேர்ந்த பிசகு இன்று இவ்வாறு நேர்கிறது. வேகத்தை நிலைப்படுத்தி, தொடக்கத்திற் கைதட்டலொன்றைக் குறியாகப் பதிந்துகொள்வதே இதற்குப் பரிகாரம். பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைத்து, செக்கனுக்கு 50 சட்டகங்களாகப் பிடித்து, 25 ஆக ஓட்டினால், உடலசைவு மெல்லென அமைய வாயசைவு பாடலோடு பொருந்தும். இத்தகைய உத்திகளை ஏட்டிற் கற்பது அரிது. செய்து பார்த்தே கைவரப்பெறல் வேண்டும்.

நிலமும் தன் விதிகளை விதிக்கிறது. குடாநாடு ஒன்பதரைப் பாகை வட அகலக்கோட்டை அண்டிக் கிடப்பதால், சித்திரை நடுவிலும் ஆவணியிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேராக நிற்கும். அவ்வேளை கண்குழிகளில் நிழல் படிந்து முகம் இருண்டு தோன்றும். மணற்காட்டு மணலிலோ பனங்கூடலிலோ படம்பிடிப்போர் காலையையும் மாலையையும் தேர்தல் நன்று. நண்பகலிலேயே பிடிக்க நேரின், வெள்ளை வேட்டியொன்றை விரித்துப் பிடித்து முகத்துக்கு ஒளி தெறிக்கச் செய்தல் போதும். பனையோலைச் சலசலப்பையும் கடலிரைச்சலையும் தனியே பதிந்து பாடலின் அடியில் இழையோடவிடுவதும் பயன் தரும். பின்னணிப் பாடல் முறை பறித்துக்கொண்ட நிலத்தின் ஒலியை அதனால் மீட்கலாம்.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவன இரண்டு. பிறநாட்டுப் பாடற்காட்சிகளின் பகட்டை நகல் செய்வதால் மட்டும் குடாநாட்டுக்குரிய பாடற்காட்சி பிறவாது; இசைநாடகத்தின் திறந்த குரலும் கூத்தின் ஆட்டமும் ஆராயப்படாத உத்திக் களஞ்சியங்களாகவே உள. இரண்டாவது, ஆக்குவதினும் காப்பது குறைந்த கடமையன்று. 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம ஆவணத்திட்டம் ஈழத்து ஏடுகளைப் பேணுவதற்கு வழிகாட்டியுள்ளது. மாணவர் ஆக்கும் பாடற்காட்சிகளுக்கும் அத்தகைய பேணல் வேண்டும். மூலப்பதிவு, எடுத்த இடம், நாள், பங்குகொண்டோர் பெயர், கையாண்ட முறை ஆகிய குறிப்புகளோடு, அவற்றின் பிரதிகள் வெவ்வேறிடங்களில் வைக்கப்படல் வேண்டும். ஒரே கூரையின் கீழ் ஒரே சுருளை வைத்திருந்த தலைமுறை இழந்தது எதுவென்பதை நாம் அறிவோம். குரல் மட்டும் எஞ்ச, முகமும் நிலமும் அழிந்துபோகும் நிலை இரண்டாம் முறையும் நேருமாயின், அதற்குத் தீயைக் காரணங் காட்ட இயலாது.