செத்துப்போச்சுன்னு எழுதின பல்லி

பல்லின்னா நமக்கு டியூப்லைட் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற விரல் நீளப் பிராணிதான் ஞாபகம் வரும். இன்னிக்கு நான் பேசப்போறது, வாலோட சேர்த்து ரெண்டு அடி வரைக்கும் வளர்ற ஒரு பல்லியைப் பத்தி. ஊர், ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளின் மேற்குக் கோடியில இருக்கிற எல் இயெரோ. கிரீன்விச்சுக்கு முன்னாடி ஐரோப்பிய வரைபடங்கள் பலதுல தீர்க்கரேகைக் கணக்கு இந்தத் தீவுலதான் ஆரம்பிச்சது. அது தனி எபிசோடுக்கான கதை.

15ஆம் நூற்றாண்டுல அங்கே வந்திறங்கின பிரெஞ்சுக்காரங்களோட குறிப்புகள்லயே, பூனை அளவு பல்லிகள் இருக்குன்னு பதிவாகியிருக்கு. தீவின் தாழ்வான பகுதிகள்ல இதோட பழைய எலும்புகள் கிடைக்குது. அப்போ ஊர் முழுக்க உலாத்தின பிராணிதான். மனுஷங்களோட வந்த பூனையும், செடியை மேய்ஞ்ச ஆடும் சேர்ந்து அதை ஓரத்துக்குத் தள்ளிடுச்சு. இது ஓடத் தெரியாத பல்லின்னு சொல்ல முடியாது. ஆனா உடம்பு கனம், நடை மெதுவு. வளர்ந்தது பெரும்பாலும் இலை தழையைத்தான் தின்னும், வெயில்ல கிடந்து உடம்பைச் சூடாக்கிக்கும். பூனைக்கு இதைவிட வசதியான இரை ஏது?

மிச்சம் இருந்தது, கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள்ள நிக்கிற ரோக்கே சீக்கோ தெ சால்மோர்ங்கிற சின்னப் பாறை. 1889ல ஓஸ்கர் சிமோனி அங்கிருந்து கொண்டுவந்த பல்லிகளை வச்சு, வியன்னாவில் ஷ்டைன்டாக்னர் இதுக்குப் பேர் வச்சார்: சிமோனி பேரையே. சிமோனி கணித ஆளு, முடிச்சுகளை ஆராய்ஞ்சவர்!

பேர் வந்ததுதான் வினை. அறிவியல் பேர் கிடைச்ச அபூர்வப் பிராணி, மியூசியங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் சரக்கு ஆயிடும். அவ்வளவு சின்னப் பாறையில எத்தனை பல்லி இருந்துட முடியும்? 20ஆம் நூற்றாண்டின் பாதிக்குள்ள அங்கே ஒண்ணுகூட இல்லை. இனமே அழிஞ்சதா எழுதிட்டாங்க. பூனையைக் குத்தம் சொல்றது ஈஸி. அந்தப் பாறையில என் கணக்குப்படி அறிவியலுக்கும் பங்கு உண்டு.

1970களின் நடுவுல, பெருந்தீவின் ஃபூகா தெ கொர்ரேத்தா செங்குத்துச் சரிவுல அது உயிரோட இருக்குன்னு வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. வழிகாட்டினது ஆடு மேய்க்கிற உள்ளூர்க்காரர். ஆடு இதோட சாப்பாட்டைத் தின்னுச்சு; ஆட்டுக்காரர்தான் இதைக் காட்டிக்கொடுத்தார், நல்ல அர்த்தத்துல! அந்தச் சரிவு இந்தப் பல்லி ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த வீடு இல்லை. வேற எங்கேயும் விட்டுவைக்கலை, அவ்வளவுதான்.

1980கள்ல காப்பகம் வச்சு முட்டை பொரிக்க ஆரம்பிச்சாங்க. 1999ல, காப்பகத்துல பிறந்த பல்லிகளைப் பழைய ரோக்கே சீக்கோ பாறையிலேயே கொண்டுபோய் விட்டாங்க. பெருந்தீவுலயும் சில இடங்கள்ல விட்டுப் பார்க்கிறாங்க. அங்கேதான் பூனை இன்னும் இருக்கு.