வெங்கல் சக்கரைச் செட்டியார்: அவதாரமும் ஆலைத் தொழிலாளரும்

வெங்கல் சக்கரைச் செட்டியார் (ஜனவரி 17, 1880 – ஜூன் 14, 1958) சென்னையைச் சேர்ந்த கிறிஸ்தவ இறையியலாளர், வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட ஆதரவாளர், தொழிற்சங்கத் தலைவர். 1941-42ல் சென்னை மாநகர மேயராக இருந்தார். இந்தியத் தத்துவ மரபின் சொற்களைக் கொண்டு கிறிஸ்தவ நம்பிக்கையை விளக்க முயன்ற முன்னோடிகளில் ஒருவர்.

பின்புலம்

சக்கரை சென்னையில் இந்துச் செட்டியார் குடும்பத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தார். அப்போது கல்லூரி உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அதன் முதல்வர் வில்லியம் மில்லர், மாணவர்களை மதம் மாற்றுவதைவிட அவர்களது சிந்தனையில் கிறிஸ்துவின் தாக்கம் பரவுவதே முக்கியம் எனக் கருதியவர். அவரிடம் படித்தவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சிலரே. சக்கரை 1903ல் பெற்றார். சட்டம் படித்து வழக்கறிஞரானபின், 1913ல் டேனிஷ் மிஷனில் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் பணியில் இருந்தார். ஹோம் ரூல் இயக்கத்திலும், பின்னர் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்திலும் ஈடுபட்டார். கிறிஸ்தவர்கள் அரசின் பக்கம் நிற்பவர்கள் என்ற எண்ணம் வலுவாக இருந்த காலம் அது.

நம்பிக்கை: முடிவுறாத அவதாரம்

சக்கரையின் முதன்மையான நூல் ‘ஜீசஸ் தி அவதார்’ (1926). ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நூலைச் சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. வைணவ மரபில் அவதாரம் என்பது அறம் குன்றும்போது இறைவன் இறங்கி வருவது. செயல் முடிந்ததும் அவ்வடிவம் நீங்கிவிடும். சக்கரை இச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளை மாற்றினார். இயேசுவின் அவதாரம் ஒருமுறை நிகழ்ந்து முடிந்தது அல்ல, அது நிலையானது, தொடர்ந்து வளர்வது என்றார். உயிர்த்தெழுந்த இயேசுவே பரிசுத்த ஆவியாக மனித உள்ளத்தில் செயல்படுகிறார் என்பது அவரது விளக்கம். ‘அந்தர்யாமி’ என்ற கருத்தை அறிந்த இந்திய வாசகருக்கு இது அயலானதாகத் தோன்றாது.

மேற்கத்தியத் திருச்சபை பல நூற்றாண்டுகளாக வகுத்த கோட்பாட்டு வரையறைகளைச் சக்கரை முதன்மையாகக் கொள்ளவில்லை. இயேசுவை நேரடியாக அனுபவிப்பது முதலில் வருவது. கோட்பாடு அதன்பின் வருவது. பக்தி மரபுக்கு நெருக்கமான இந்த வரிசையே அவரது சிந்தனையின் அடிப்படை.

துயரம்: கைவிடப்பட்டவரின் குரல்

‘தி கிராஸ் அண்ட் இந்தியன் தாட்’ (1932) சிலுவையைப் பற்றிய நூல். இந்தியச் சிந்தனை துன்பத்தைப் பெரும்பாலும் கர்மவினையுடன் இணைத்துப் பார்த்தது. குற்றமற்ற ஒருவர் ஏன் துன்புற வேண்டும் என்ற கேள்விக்கு அதில் எளிய விடை இல்லை. சக்கரை, சிலுவையில் இயேசு தம் தந்தையால் கைவிடப்பட்டதாகக் கதறிய தருணத்தைத் தன் சிந்தனையின் மையத்தில் வைத்தார். தன்னை முழுவதுமாக வெறுமையாக்கிக்கொண்ட நிலை என்று அதை விளக்கினார். அதற்கு நிர்வாணம், சூனியம் என்ற சொற்களையும் பயன்படுத்தினார்.

அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்கத் தத்துவ அறிஞர் நிக்கோலஸ் வோல்டர்ஸ்டார்ஃப் வேறொரு வழியாக இதே கேள்விக்கு வந்தார். 1983ல் மலையேற்றத்தில் மகனை இழந்த அவர், ‘லமெண்ட் ஃபார் எ சன்’ (1987) நூலில் துயரத்துக்கு விளக்கம் கூறாமல் துயருறும் கடவுளைப் பற்றி எழுதினார். சக்கரை எழுதியது தனிப்பட்ட இழப்பின் பதிவு அல்ல. ஆனால் துன்பத்துக்கு வெளியே நிற்கும் கடவுளை ஏற்க முடியாது என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

நீதி: ஆலை வாயிலில்

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் தலைவர் பி.பி. வாடியா, அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். சங்கத்தில் முன்னின்ற திரு.வி.க. ராயப்பேட்டையில் வாழ்ந்த சைவர். பின்னர் பொதுவுடைமையாளரான சிங்காரவேலர் பௌத்த ஈடுபாடு கொண்டிருந்தவர். கிறிஸ்தவரான சக்கரையும் இவர்களுடன் தொழிற்சங்கப் பணியில் இணைந்தார். வெவ்வேறு நம்பிக்கை உடையவர்கள் ஆலைத் தொழிலாளரின் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் ஒன்றாக நின்றது சென்னைத் தொழிலாளர் வரலாற்றின் தனித்தன்மை.

அந்த ஒற்றுமைக்கு எல்லையும் இருந்தது. 1921ல் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன. கூலி கேட்டு இணைந்தவர்களைச் சாதி பிரித்தது. தொழிலாளர் என்ற ஒரே சொல்லால் அந்தப் பிளவை மறைக்க முடியவில்லை.

சக்கரை தொழிற்சங்கத்திலிருந்து விலகவில்லை. 1950களில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் (ஏ.ஐ.டி.யு.சி.) தலைவராக இருந்தார். பொதுவுடைமையாளர்கள் செல்வாக்குப் பெற்றிருந்த அமைப்புக்கு ஒரு கிறிஸ்தவ இறையியலாளர் தலைமை ஏற்றது அரிதான நிகழ்வு. அவதாரம் இன்னும் தொடர்கிறது என்று நம்பியவருக்கு ஆலை வாயிலும் அதன் களமே என்று வாசிக்க இடமுண்டு.

கலை: எந்த வடிவில் வழிபடுவது

1938 டிசம்பரில் தாம்பரத்தில், ஓராண்டுக்கு முன் அங்கு இடம்பெயர்ந்திருந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் அதற்காக எழுதிய நூல், பிற சமயங்களுக்கும் கிறிஸ்தவத்துக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டது. அதற்கு மறுமொழியாகச் சக்கரை, அவரது உறவினர் பி. செஞ்சையா முதலியோர் ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ என்ற தொகுப்பை வெளியிட்டனர்.

அதில் எழுதியவர்களுள் ஒருவர் எஸ். ஜேசுதாசன். 1921ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியவர்களில் ஒருவர். அங்குள்ள ஜெபாலயம் திராவிடக் கோயில் பாணியில் கட்டப்பட்டது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோபுரத்துக்குச் சற்றுத் தொலைவில் சாந்தோம் பேராலயம் ஐரோப்பிய கோதிக் பாணியில் எழுந்து நிற்கிறது. இவ்விரு தேவாலயங்களும் ஒரே கேள்விக்கான இரு விடைகள். சக்கரை சொல்லில் செய்ததை ஜேசுதாசன் கல்லில் செய்தார் எனலாம்.

மதிப்பீடு

சக்கரையும் அவரது குழுவினரும் எடுத்தாண்ட இந்திய மரபு பெரும்பாலும் வேதாந்தமும் வைணவமும் சார்ந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையினரோ தலித்துகள். அவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய மரபின் சொற்களே அவர்களது இறையியலாக முடியுமா என்று 1980களில் தலித் இறையியலாளர்கள் கேட்டனர். அவர்களில் முதன்மையானவரான அர்விந்த் நிர்மல், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறையை வழிநடத்தினார். புளியந்தோப்பு 1921லேயே எழுப்பிய கேள்வியை அவர்கள் இறையியலுக்குள் கொண்டுவந்தனர்.

அந்த விமர்சனம் சக்கரையின் நூல்களுக்குப் பொருந்தும். அவரது வாழ்க்கைக்கு முழுமையாகப் பொருந்தாது. நூலில் உயர்ந்தோர் மரபின் சொற்களில் எழுதியவர், வாழ்நாளின் பெரும்பகுதியை உழைப்பாளர் சங்கங்களில் செலவிட்டார். இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையின் வரலாற்றில் சக்கரையின் இடம் இந்த இரண்டையும் சேர்த்தே மதிப்பிடப்பட வேண்டும்.