டீக்கடை பெஞ்சும் ஒரு பைசாத் தமிழனும்

டீக்கடையைப் பற்றி நம்மூரில் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் உலகச் செய்தி எல்லாம் காதுக்கு வந்துவிடுமாம். முன்பின் தெரியாத ஆளிடம் மூட்டுவலிக்கு எந்த வைத்தியர் தேவலாம் என்று கேட்கலாம். பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம், தாலுகா ஆபீசில் யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும், இந்தத் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம், காசில்லாமல் பதில் கிடைக்கும். ஒரு தமிழ் நாளிதழ் 'டீக்கடை பெஞ்சு' என்ற பெயரிலேயே ஒரு பகுதியை வெளியிட்டு வருகிறது. அந்த அளவுக்கு அது நம் பொதுவாழ்வின் அடையாளமாகிவிட்டது.

நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யார்?

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு யூர்கன் ஹாபர்மாஸ் பெயர் தெரிந்திருக்கும். ஐரோப்பாவின் காபிக்கடைகளில் முன்பின் அறியாதவர்கள் சரிசமமாக உட்கார்ந்து வாதிட்டதில்தான் 'பொதுவெளி' உருவானது என்று 1962-ல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். லண்டனில் முதல் காபிக்கடை திறந்தது 1652-ல். ஒரு பென்னி கொடுத்தால் காபியும் கிடைக்கும், பேச்சும் கிடைக்கும். ஆனால் அந்தப் பேச்சில் பெண்களுக்கும் உழைக்கும் ஏழைகளுக்கும் எவ்வளவு இடமிருந்தது என்ற கேள்வியைப் பின்னால் வந்தவர்கள் எழுப்பினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தமக்கென்று தனியே பொதுவெளிகளைக் கட்டிக்கொண்டார்கள் என்று 1990-ல் நான்சி ஃப்ரேசர் எழுதினார்.

நம் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. காபி இங்கே பரவியபோது கூடவே 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகையும் வந்தது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பலகைகள் இறங்கவில்லை. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போக வேண்டியிருந்தது.

டீக்கடையில் அப்படிப் பலகை எதுவும் தொங்கவில்லை. அதற்குப் பதிலாகத் தனித் தம்ளர் தொங்கியது. ஊர்க்காரர்களுக்கு ஒரு தம்ளர், சேரிக்காரர்களுக்கு வேறு தம்ளர். சில ஊர்களில் தேங்காய்ச் சிரட்டை. குடித்த தம்ளரைத் தானே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது, நின்றோ தரையில் குந்தியோ குடிக்க வேண்டும்.

இரட்டைத் தம்ளரைப் பற்றிப் பேசும்போது அவமானத்தைப் பற்றிப் பேசுகிறோம். அது சரிதான். ஆனால் அந்தத் தம்ளரோடு சேர்த்து இன்னொன்றும் மறுக்கப்பட்டது. பெஞ்சில் உட்காராதவனுக்கு பெஞ்சில் நடக்கும் பேச்சில் பங்கில்லை. செய்தித்தாள் வாசிக்கப்படும்போது அவன் தள்ளி நிற்கிறான். யாராவது தப்பாகச் சொன்னால் 'அது அப்படி இல்லைங்க' என்று திருத்தும் உரிமை அவனுக்குக் கிடையாது. சேரிப் பெண்களுக்கோ அந்த வாசலில் நிற்கும் இடம்கூட இல்லை.

இதன் விலை என்ன? அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை மிகவும் பெயர் பெற்றது. புதிய வேலை பற்றிய செய்தி நெருங்கிய உறவினர் மூலம் வருவதைவிட, அரைகுறையாகப் பழகியவர்கள் மூலம்தான் அதிகம் வருகிறது என்று அதில் காட்டினார். காரணம் எளிது. நம் நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளியே இருந்துதான் வர வேண்டும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். அந்த வெளிவாசலைத்தான் சாதி அடைத்து வைத்தது. எந்தத் துறையில் ஆள் எடுக்கிறார்கள், உதவித்தொகைக்குக் கடைசித் தேதி என்ன, எந்த மனுவை யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் பெஞ்சில் இலவசமாகப் புழங்கிய செல்வம். சேரிக்கு அது வந்து சேர்வதற்குள் தேதி முடிந்திருக்கும். பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு 'அவங்களுக்கு விவரம் பத்தாது' என்று பேசுவார்கள்.

நம் முன்னோர்கள் பெஞ்சில் இடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ரெட்டமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழை வெளியிட்டார். விலை பெயரிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' ஆனது. 1914-ல் அவர் மறையும்வரை அதை நடத்தினார்.

அந்த இதழில் அரசியலும் பௌத்தமும் மட்டும் இல்லை. வாசகர்கள் கேள்வி எழுதி அனுப்பினார்கள். சடங்குகள், பண்டிகைகள், சொற்களின் பொருள், சாதிப் பெயர்கள் எப்படி வந்தன என்று பலவற்றைக் கேட்டார்கள். சித்த வைத்தியராகவும் இருந்த பண்டிதர் அச்சில் பதில் சொன்னார். கோலார் தங்கவயலில் உழைத்தவர்களும், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனவர்களும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தே இராதவர்கள், ஒருவர் கேட்ட கேள்விக்கான பதிலைப் பல ஊர்களில் உட்கார்ந்து படித்தார்கள். படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவரும் கேட்டுப் பயனடைய வழி பிறந்தது. ஒரு பைசாவுக்கு அவர்கள் வாங்கியது கேள்வி கேட்கும் இடத்தை.

சட்டம் பின்னால் வந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15-வது பிரிவு. தீண்டாமையை ஒழித்தது 17-வது பிரிவு. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், கடையில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தத் தடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தனித் தம்ளரை வழக்காக்க வழி பிறந்தது அப்படித்தான். ஆனால் பேச்சில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது. இப்போது பல கடைகளில் காகிதக் கப் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கப் என்றால் நல்லது. சேரி ஆளுக்குக் காகிதம், மற்றவர்க்குக் கண்ணாடி என்றால் அது பழைய தம்ளரேதான். களப்பணிக்குப் போகும் ஊர்களில் நாங்கள் முதலில் கவனிப்பது இதைத்தான். அடுத்ததாக பெஞ்சில் யார் பேசுகிறார்கள், யார் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊரில் புது ஆளைப் பார்த்ததும் வரும் கேள்வி, 'தம்பி எந்த ஊரு? எந்தத் தெரு?' தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் சொல்லும் யோசனைக்கு ஒரு மதிப்பு, நாம் சொல்லும் யோசனைக்கு வேறு மதிப்பு. முன்பின் தெரியாதவராக இருந்து பேசுவதே நம் சமூகத்தில் ஒரு சலுகை. நகரத்துக்கும் கைப்பேசிக்கும் நம் பிள்ளைகள் ஆசையோடு போனதில் இந்தக் காரணமும் உண்டு. அங்கும் முழுப் பெயரைக் கேட்பார்கள், கட் ஆஃப் மார்க்கைக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளின் நோக்கம் நமக்குத் தெரியும்.

ஆகவே தோழர்களே, சின்ன யோசனைகளைச் சின்னதாக நினைக்காதீர்கள். சாதிச் சான்றிதழுக்கு என்னென்ன தாள் வேண்டும், விடுதியில் இடம் கேட்டு எப்போது எழுத வேண்டும், கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தால் எங்கே முறையிடுவது என்பதெல்லாம் நீங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றவை. உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளை அதே இடத்தில் மறுபடியும் தடுமாற வேண்டியதில்லை. எழுதி வையுங்கள். தெரியாத பிள்ளை கேட்டாலும் எந்தத் தெரு என்று கேட்காமல் சொல்லுங்கள். நிச்சயமாகத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்புங்கள். பண்டிதர் ஒரு பைசாவுக்குச் செய்த வேலையை நாம் இன்று காசில்லாமல் செய்ய முடியும்.