அயர்லாந்துக் கிராம வாழ்வில் காட்டுச் செடிகள்

அயர்லாந்தின் மூலிகை மரபு பழங்கால ட்ரூயிட் பூசாரிகள் காத்துவந்த ரகசியம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சான்றுகள் காட்டுவதோ குத்தகைக் குடியானவர்களும் நிலமற்றவர்களும் கைக்காசு இல்லாமல் குடும்பம் நடத்திய விதத்தை. உணவு, மருந்து, விளக்கு, வழிபாடு என்று நாம் பிரிப்பவற்றை அந்த வீடுகள் பிரிக்கவில்லை. ஈரநிலத்துக் கோரையின் தோலை உரித்து, உள்நெட்டியை உருகிய கொழுப்பில் தோய்த்தால் ஏழைவீட்டு விளக்கு; அதே கோரையைப் பின்னினால் பிப்ரவரி 1-இல் வரும் புனித பிரிஜித் திருநாளுக்கான சிலுவை. முள் நிறைந்த கோர்ஸ் புதரை நசுக்கிக் குதிரைக்குப் போட்டார்கள். காய்ந்ததை அடுப்பில் எரித்தார்கள். தொட்டால் சுணைக்கும் நெட்டில் செடியின் கொழுந்து, வெந்ததும் கீரையாகிவிடும். வசந்தத்தில் அதை உண்டால் ரத்தம் சுத்தமாகும் என்றும் நம்பினார்கள். கடலோரத்தில் காரகீன் பாசியைப் பாலில் காய்ச்சி இருமலுக்குக் கொடுத்தார்கள். இன்று அப்பாசிச் சத்து ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்துகிறது.

மீயாக் என்னும் வைத்தியனின் சமாதியில் 365 மூலிகைகள் முளைத்த தொன்மக்கதை தொன்மைக்குச் சான்றாகாதா என்று கேட்கலாம். ஆனால் அவற்றை அவன் தந்தையே கலைத்துக் குழப்பிவிட்டதால் பயன் யாருக்கும் தெரியாமல் போயிற்று என்பதும் அதே கதைதான். அறுந்ததாகத் தன்னையே சொல்லிக்கொள்ளும் மரபை அறாத மரபுக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. எழுத்துச் சான்றோ ஐரோப்பாவை நோக்கித் திரும்புகிறது. ஓ'ஹிக்கி போன்ற பரம்பரை மருத்துவக் குடும்பங்கள் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் மருத்துவ நூல்களை ஐரிஷ் மொழிக்குக் கொண்டுவந்தன. இங்கிலாந்தில் பிறந்த கேலப் த்ரெல்கெல்ட் 1726-இல் டப்ளினில் வெளியிட்ட தாவர நூல், செடிகளின் ஐரிஷ் பெயர்களையும் பதிவு செய்தது. ஏட்டறிவும் வீட்டறிவும் கலந்தே ஓடின.

இன்னொரு மறுப்பு கனமானது: காட்டுச்செடிகள் ஏழைகளுக்கு அவ்வளவு கைகொடுத்தன என்றால், 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் ஏன் மாண்டார்கள்? நெட்டிலையும் காட்டுக் கடுகையும் அப்போதும் பறித்துத் தின்றார்கள். ஆனால் இலைதழைகள் கிழங்கு தந்த மாவுச்சத்துக்கு ஈடாகாது, துணையுணவு முதலுணவாகாது. பயன்பாட்டின் எல்லையை அந்தப் பஞ்சம் அளந்து காட்டியது. பயன்பாடே இல்லை என்று காட்டவில்லை. மருந்துகளையும் இப்படித்தான் தனித்தனியே எடைபோட வேண்டும். பல கைவைத்தியங்களில் நம்பிக்கைதான் மிகுதி. ஈரத்தை உறிஞ்சும் ஸ்பாக்னம் பாசி மட்டும் முதல் உலகப்போரில் காயக்கட்டாக ராணுவ மருத்துவமனைகளுக்கே போனது. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கைவைத்தியக் குறிப்புகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டாரியல் தொகுப்பில் உள்ளன.