தலவரி முதல் தலைக்கணக்கு வரை: பாலாற்றங்கரை ஊராட்சிகளின் வருவாய்

தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சிக்கு வழக்கமாக மூன்று வங்கிக் கணக்குகள். ஒன்றாம் எண் கணக்கில் வீட்டு வரி, தொழில் வரி முதலிய பொது நிதி. மூன்றாம் எண்ணில் திட்டப் பணம். இரண்டாம் எண் கணக்கு மின் கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கும் மட்டுமே. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லாத ஊரில் தெருவிளக்குக்குப் பல்பு வாங்குவதும் சிரமம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் இந்த இரண்டாம் எண் கணக்கை ஒரு வரலாற்று ஆவணமாகவே படிக்கலாம். பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரை நம்ப வேண்டிய நிலை எப்படி வந்தது? அதற்கான பணம் யார் கையிலிருந்து வருகிறது? இவ்விரு கேள்விகளையும் பிரித்துப் படிப்பதுதான் வழக்கம். சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு நிதிப் பொறுப்புகளில் சிலவற்றை மாகாணங்களுக்குத் தள்ளிவிட்டபோது, சாலைக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் ஆகும் செலவை உள்ளூரே வரி போட்டு ஈடுகட்டட்டும் என்ற எண்ணமும் சேர்ந்து வந்தது. சென்னை மாகாணம் மறு ஆண்டே உள்ளூர் நிதிச் சட்டம் இயற்றியது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884இல் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களில் இந்த அமைப்புகளின் முதுகெலும்பு நிலத்தின் மீதான வரிதான். அந்த மரபு 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தைக் கடந்து, இன்று நடைமுறையில் உள்ள 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ‘தலவரி’ என்ற பெயரில் நீடிக்கிறது: நிலவரி ஒரு ரூபாய் என்றால் தலவரியும் ஒரு ரூபாய்.

வரியின் அடிப்படை நிலம் என்றால், நிலம் கெட்டால் என்ன ஆகும்? சட்டம் எழுதியவர்கள் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

இந்தத் தோல் வட்டாரம் ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்தில் அந்தக் கேள்விக்கு அவசியமும் குறைவு. சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்பது டில்லியின் கணக்கு, அது பலித்தது. டேனரிகள் குரோமியத்துக்கு மாறின. கழிவு பாலாற்றுப் படுகைக்கு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அதில் நிலைபெற்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். வசூலிப்பவர் மாவட்ட ஆட்சியர். இழப்பைக் கணக்கிட ஒரு தனி ஆணையம். கிணறு உப்பான ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் கடமை கொண்ட ஊராட்சி இந்த ஏற்பாட்டில் பணம் பெறும் தரப்பாக எங்கும் இல்லை.

தொழில் வளர்ந்த ஊருக்குத் தொழிலாலேயே வருவாய் வராதா என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் எவ்வளவு? ஷூ கம்பெனிக் கட்டடத்துக்கு வீட்டு வரி உண்டு. தொழில் வரிக்கு அரசியலமைப்பின் 276ஆம் பிரிவே உச்சவரம்பு விதித்திருக்கிறது: ஒரு நபருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988இல் 60ஆவது திருத்தம் அதை 250இலிருந்து உயர்த்தியது. அதற்குப் பிறகு அசையவில்லை. சட்டத்தின் கண்ணில் கம்பெனியும் ஒரு நபர்தான். ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகக் காலணி அனுப்பும் நிறுவனம் தன் பேரில் கட்ட வேண்டியதும், நல்ல சம்பளம் வாங்கும் அதன் மேலாளர் கட்டுவதும் அதே 2,500க்குள் அடங்கிவிடும். லாபத்தின் மீதான வரி டில்லிக்குப் போகிறது. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி சுமை கிடையாது.

டில்லிக்குப் போனது திரும்பி வராமல் இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், மாநில நிதி ஆணையத்தை உருவாக்கியதோடு மத்திய நிதி ஆணையத்தின் பார்வையையும் ஊராட்சிப் பக்கம் திருப்பியது. ஆனால் வரும் வழி வேறு. 14, 15ஆம் நிதி ஆணையங்கள் மாநிலங்களுக்கிடையே உள்ளாட்சி மானியத்தைப் பிரித்தபோது மக்கள்தொகைக்கு 90 சதவீதமும் பரப்புக்கு 10 சதவீதமும் எடை கொடுத்தன. நிலத்தைப் பார்த்துப் போடும் தலவரியோடு, தலையை எண்ணித் தரும் பணமும் வந்து சேர்ந்தது. பாலாற்றின் நிலை அந்தச் சூத்திரத்தில் ஓர் எண்ணாகக்கூட இடம்பெறவில்லை.

அந்தப் பணத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும் என்பது நிபந்தனை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் தமிழ்நாட்டில் தேர்தல் நடக்கவில்லை, மானியம் நின்றது. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் வந்தபோது, அதற்கு முந்தைய மாதம்தான் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்திருந்தது. வார்டு வரையறை முடியவில்லை என்பதால் இம்மூன்றும் உட்பட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. 2021 அக்டோபர் வரை, ஐந்து ஆண்டுகள், தோல் வட்டாரம் முழுவதும் தனி அலுவலர் ஆட்சி. தலைவர், துணைத் தலைவர் கையெழுத்து இருக்க வேண்டிய காசோலையில் அரசு அலுவலரின் கையெழுத்து.

அந்த அக்டோபரில் பதவியேற்றவர்களுக்குக் காத்திருந்தது 15ஆம் நிதி ஆணையத்தின் மானியம். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று முடிச்சுப் போட்டது. உள்ளூர்த் தன்னாட்சியில் டில்லி கைவைக்கிறது என்று மற்ற ஊர்த் தலைவர்கள் குறைப்பட்டுக்கொள்ளலாம். கிணற்று நீரை வாயில் வைக்க முடியாத ஊரில், முடிச்சை அவிழ்த்துவிட்டாலும் பணம் முதலில் போகும் இடம் குழாயடிதான்.